இரண்டு மீட்டர் கோட்டில்

வுக்சானின் முதுகை
அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
பதினொரு குளிர்காலமாக
அதன் பின்னால்தான் எனக்கு வேலை.
ஒரு வாரம் அவனுக்கு வெள்ளைத் தொப்பி, எனக்கு நீலம்;
நிறம் மாறும். முதுகு மாறாது.

செப்டம்பரில் தலைநகரிலிருந்து ஒருவர் வருவார்
தராசு, டேப், ஒரு இடுக்கியோடு.
இரண்டு கிளப்பையும் ஒரே வரிசையில் நிறுத்தி
இடுப்புத் தோலைக் கிள்ளி மில்லிமீட்டரில் சொல்வார்.
வுக்சான்: நூற்றுப் பதினான்கு கிலோ.
கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல்.
நான் எண்பத்தொன்பது.
‘நீயா இவனைத் தடுப்பது?’
படிவத்தை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

தரையில் அவன் ஒரு பீரோ.
நான் டிக்கெட் கிழிக்கும் படகில் வருவான்;
மேல்தளத்துக்கு எட்டே படி,
ஐந்தாவதில் முட்டியைப் பிடித்து நின்று
வளைகுடாவை ரசிப்பதுபோல் மூச்சு வாங்குவான்.
அதே முட்டிகள்தான் தண்ணீரில்
முட்டை அடிக்கும் கரண்டியாய்ச் சுழல்கின்றன.
எங்களில் யாருக்கும் கால் நிலைக்காத ஆழம்;
அவன் மட்டும் எதன்மேலோ
நிற்கிறான்.

அவனைத் தள்ளிப் பார்த்தேன், முதல் இரண்டு வருடம்.
சுவரைத் தள்ளலாம், சுவர் திரும்பித் தள்ளாது.
பிறகு, அவன் சாயும்போது
ஒரு சாண் விட்டுக்கொடுக்கக் கற்றேன்.
சாய இடமில்லாத கனம்
தன்னையே தேடி ஒரு கணம் தடுமாறும்.
அந்தக் கணத்துக்குள் என் கை நுழையும்.
இடப்பக்கம் திரும்புவதற்கு முன்
அவன் கடைசி விலா ஒரு நூல் உயரும்;
என் கட்டைவிரலுக்கு அது தெரியும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, பலமும் வேண்டும்.
பலம் தேவையில்லை என்பவன்
அவன் முழங்கை பட்ட தாடையோடு
ஞாயிற்றுக்கிழமை சூப் குடித்ததில்லை.

பிப்ரவரி. கோட்டோர். கடைசிக் கால்பகுதி, எட்டுக்கு எட்டு.
எப்போதும் வைக்கும் இடத்தில்தான் கை வைத்தேன்,
வலது தோள், பின்புறம்,
கப்பல் வடம்போல் ஒன்று புடைத்திருக்கும் இடம்.
வடம் இல்லை.
இரண்டு விரல் புதையும் பள்ளம்.

தோளை வெடுக்கென்று தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டான்.
நடுவர் பார்க்கவில்லை.
மேலே மேளம் அடித்த அவன் தம்பிக்குத் தெரியாது.
அந்தக் குளத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பள்ளம்.

நான் அழுத்தினேன்.

பந்து அவனுக்கு வந்தது.
வலக்கை எழுந்து, பாதியில் யோசித்தது.
பந்தை என் விரல் நுனி தட்டிவிட்டது,
ட்ரிப்போ எடுத்து, நீள வீசி,
மறுகோடியில் வலை ஆடியது.
எங்கள் பக்கம் கத்திய கத்தலில்
நானும் கத்தினேனா என்று நினைவில்லை.

விசில் முடிந்து இடது கையை நீட்டினான்.
என் கழுத்தில் அவன் நகம் கீறிய எரிச்சல்.
‘எப்போ தெரிஞ்சது?’
‘இப்போதான். நாலாவதுல.’
‘அக்டோபர்ல போன தோள்,’ என்று சிரித்தான்.
‘அப்போ மூணு கால்பகுதி உன்னை ஏமாத்தியிருக்கேன்.
வெறும் இடுப்பை வச்சு.’

திங்கள் காலை, காமெனாரி துறை.
அவனுடைய பழைய ஃபியட்,
ஓட்டுநர் பக்கம் தரையைத் தொடும் அளவு சாய்ந்து.
அன்று படி ஏறவில்லை.
கண்ணாடியை இறக்கிவிட்டு,
அடுத்த மாதம் அறுவை என்றான்.
தன் இடத்துக்கு ஒரு பையன் வருகிறானாம்,
பத்தொன்பது வயது, நூற்று இருபது கிலோ.
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான்.
‘இடுப்பு இன்னும் பச்சை,’ என்றான்.

அதை எதற்கு என்னிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

படகு சாயாமல் இருக்க
கனமான வண்டிகளை நடுவில் நிறுத்துவது என் வேலை.
சிமெண்ட் லாரிக்கும் பால் லாரிக்கும் இடையே
அந்தச் சின்னக் காருக்குக் கை காட்டினேன்.